தாத்தாவின் ஐந்து மெடல்கள்: புளி போடலாமா, பிரேம் போடலாமா?

பிறைப்பேத்தி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவின் அப்பா விட்டுச்சென்ற மெடல்கள் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. ஜூலை 31, மலேசிய வீரர்கள் தினத்துக்கு முன்னால் கண்ணாடிப் பெட்டியில் வைத்து மாட்ட வேண்டும். வீடு பினாங்கு பட்டர்வொர்த்தில், கடலுக்குப் பக்கத்தில்.

டின்னில் இருப்பவை: ஆறு முனை நட்சத்திரம் இரண்டு. ஒன்றில் 1939–1945, இன்னொன்றில் பர்மா என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. இரண்டும் கறுத்து, இடுக்குகளில் பச்சை பூத்திருக்கிறது. வட்ட மெடல் மூன்று. ஒன்றின் பின்பக்கம் சிங்கம் எதையோ மிதித்து நிற்கிறது. ஒன்றில் இந்திய வரைபடம். மூன்றாவதில் ராணி தலை, மேலே மலாயா என்று ஒரு சின்னப் பட்டை, ஊதா ரிப்பன், நடுவில் பச்சைக் கோடு. ஐந்தும் ஒரே இரும்புப் பின் சட்டத்தில் கோத்திருக்கின்றன. சட்டம் துருப்பிடித்து ரிப்பனைக் கடித்துவிட்டது. கூடவே நாலாக மடித்த ஒரு டிஸ்சார்ஜ் காகிதம், படையிலிருந்து விடுவித்ததற்குக் கொடுத்தது.

பெரியம்மா புளி போட்டுத் தேய்த்தால் குத்துவிளக்கு மாதிரி ஆகிவிடும் என்கிறார். மாமா பிராசோ பாலிஷ் என்கிறார். அம்மாவுக்கு சாமி மேடைக்குப் பக்கத்தில் தாத்தா படத்தோடு சேர்த்து மாட்ட ஆசை. போட்டோஸ்டேட் கடையில் காகிதத்தை லேமினேட் செய்து தருகிறேன் என்கிறார்கள். எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது? அவர் எந்தப் படையில் இருந்தார் என்று கண்டுபிடிக்க வழி உண்டா?

---

விளிம்பெழுத்து எழுதியது:

தங்கச்சி, புளிச் சட்டியை அடுப்படியிலேயே வைத்துவிட்டு ஒரு டார்ச் லைட் எடுத்து வாங்க. மெடலைத் துடைப்பதற்கு முன் படிக்க வேண்டும்.

இரண்டாம் உலகப்போர் மெடல்களை பிரிட்டிஷ் ராணுவத்தாருக்குப் பெயர் பொறிக்காமலே கொடுத்தார்கள். இந்திய ராணுவத்தாருக்கோ எண், பதவி, பெயர், பிரிவு எல்லாம் பொறித்துக் கொடுத்தார்கள். வட்ட மெடலில் விளிம்பைச் சுற்றி இருக்கும், நட்சத்திரத்தில் முதுகுப் பக்கம் இருக்கும். லண்டனில் ஆயிரக்கணக்கில் பெயரில்லாமல் கிடக்கும் அதே பர்மா நட்சத்திரம் உங்கள் டின்னில் பெயரோடு இருக்கலாம். அந்த எழுத்தின் ஆழம் ஒரு முடி அளவுகூட இருக்காது. வாரம் ஒருமுறை பிராசோ போட்டவர்கள் வீட்டு மெடல்களில் பெயரே வழுக்கிப் போயிருப்பதைப் பார்க்கலாம்.

படிக்கும் முறை: அறையை இருட்டாக்குங்கள். மெடலை வெள்ளைத் துணியில் செங்குத்தாக நிறுத்தி, டார்ச்சை மேலிருந்து அடிக்காமல் விளிம்போடு உரசுகிற மாதிரி பக்கவாட்டில் அடியுங்கள். எழுத்துப் பள்ளங்களில் நிழல் விழும். மெடல் 36 மில்லிமீட்டர் அகலம், அதாவது சுற்றளவு 11 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி எட்டுப் படம் எடுத்தால் முழு வரியும் கிடைத்துவிடும். பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸ் இருந்தால் இன்னும் நல்லது. மாவு, சாக்குத் தூள் எதையும் தடவ வேண்டாம்.

இனி உங்களிடம் இருப்பது என்ன என்று பார்ப்போம். சிங்கம் மிதிப்பது டிராகனை. அது 1939–45 போர் மெடல். வரைபடம் இருப்பது இந்தியா சர்வீஸ் மெடல். அதை இந்தியப் படைகளுக்கு மட்டும்தான் கொடுத்தார்கள். ஆக, தாத்தா போர்க்காலத்தில் இந்தியப் படையில் இருந்தவர், பர்மா முனையைத் தொட்டவர்.

ஊதா-பச்சை ரிப்பன் வேறு கதை. அது ஜெனரல் சர்வீஸ் மெடல். மலாயா பட்டை, 16 ஜூன் 1948 முதல் 31 ஜூலை 1960 வரை, கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிராக மலாயாவில் நடந்த அவசரகாலத்துக்கு உரியது. நீங்கள் மாட்ட நினைக்கும் தேதியைப் பாருங்கள்: அவசரகாலம் முடிந்த அதே ஜூலை 31-ஐத்தான் நாம் வீரர்கள் தினமாக வைத்திருக்கிறோம். ராஜா தலையா ராணி தலையா என்பதும் முக்கியம். ராணி தலை இருந்தால் 1952-க்குப் பிறகு அடித்தது.

இந்த மெடலின் விளிம்பில் இருக்கும் எண்ணையும் மற்ற நாலில் இருக்கும் எண்ணையும் தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்காது என்பது என் கணிப்பு. அவர் இரண்டு வெவ்வேறு சேவைகளில் இருந்திருக்கிறார். தேட வேண்டிய கதவும் இரண்டு.

---

களிம்பு எழுதியது:

சுத்தம் செய்வது பற்றி நான் சொல்கிறேன்.

குத்துவிளக்கு கெட்டியான வார்ப்பு. வருஷத்துக்குப் பத்துத் தடவை மேல்தோல் போனாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. நட்சத்திரம் செம்பும் துத்தநாகமும் கலந்த மெல்லிய தகடு. புளியின் அமிலம் கறுப்பை மட்டும் தின்பதில்லை, அடியில் இருக்கும் செம்பையும் தின்னும். அலசினாலும் இடுக்கில் உப்பு தங்கும். உங்கள் கடற்காற்றில் இரண்டே மாதத்தில் பச்சை இன்னும் வேகமாகத் திரும்பி வரும். பிராசோவில் அரைக்கும் தூளும் அம்மோனியாவும் உண்டு. தூள் எழுத்தை அரைக்கும், அம்மோனியா செம்புக் கலவையைத் தாக்கும், எழுத்துக்குள் காய்ந்த வெள்ளைப் பொடியை வெளியே எடுக்கவே முடியாது. விபூதி, பற்பசை, பேக்கிங் சோடாவோடு அலுமினியத்தாள், இவை எல்லாமே இந்தக் கணக்கில்தான் சேரும். ராணி தலை மெடல் வெள்ளி. அதன் கறுப்பு மெடலைக் கெடுப்பதில்லை, அப்படியே விடுங்கள்.

பச்சையில் இரண்டு வகை. இதைப் பிரித்துப் பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

கரும்பச்சையாக, மெழுகு மாதிரி, நகம் பட்டால் வழுக்கினால் அது கை எண்ணெயும் செம்பும் சேர்ந்த களிம்பு. ரிப்பன் வளையத்துக்குக் கீழே இப்படித்தான் இருக்கும். ஆபத்தில்லை. ஃபார்மசியில் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியைத் தொட்டு ஊற வைத்து, மூங்கில் பல்குச்சி முனையால் உருட்டி எடுத்தால் வந்துவிடும். ஊசி, பிளேடு, ஸ்டீல் கம்பளி கூடாது.

வெளிர்ப்பச்சையாக, மாவு மாதிரி உதிர்ந்தால் அது உப்பு நோய். குளோரைடும் ஈரமும் சேர்ந்து உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை: பொடியைக் குச்சியால் எடுத்துவிட்டு, மெடலை ஜிப் பையில் வைத்து, ஈரப் பஞ்சு ஒன்றை மெடலில் படாமல் கூடவே வைத்து மூடுங்கள். ஒரு நாள், அதிகம் போனால் இரண்டு நாள். அதே இடத்தில் புதுப் பச்சைப் புள்ளி வந்தால் நோய் உயிரோடு இருக்கிறது. உடனே வெளியே எடுத்துக் காயவையுங்கள். அதற்கு மருந்து உண்டு, ஆனால் நச்சு. வீட்டில் செய்யும் வேலையில்லை. பழம்பொருள் பாதுகாப்புப் பயிற்சி பெற்றவரிடம்தான் போக வேண்டும். அதுவரை நல்ல காய்ந்த டப்பாவில் தனியாக வையுங்கள்.

வேலை வரிசை இது. முதலில் டின்னில் இருக்கிறபடியே படம். பிறகு ரிப்பனைத் தைத்த நூலை சின்னக் கத்தரியால் வெட்டி மெடல்களைப் பிரியுங்கள். இழுத்தால் துருப்பிடித்த இடத்தில் துணி கிழியும். நட்சத்திரங்களை டிஸ்டில்டு தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு விட்டு மென்மையான பிரஷால் கழுவலாம், பைப் தண்ணீர் வேண்டாம். வெள்ளி மெடலை முக்கவே முக்காதீர்கள். மேலே தொங்கு கம்பி சேரும் மூட்டுக்குள் தண்ணீர் போனால் வராது. ஈரப் பஞ்சால் மட்டும் துடையுங்கள். கடைசியாக ஆல்கஹாலில் ஒரு துடைப்பு, ஹேர் டிரையரில் குளிர்காற்று. நன்றாகக் காய்ந்த பிறகு மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு. ஐந்து மெடலுக்கும் சேர்த்து ஒரு பட்டாணி அளவு போதும். மெல்லிய பருத்தித் துணியில் தடவி, ஐந்து நிமிஷம் விட்டு, வேறு துணியால் துடைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு வெறுங்கையால் தொடக் கூடாது.

முடிந்ததும் மெடல் பளபளக்காது. பழுப்பாகத்தான் இருக்கும். பெரியம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

---

பாயான்லெப்பாஸ் எழுதியது:

பெரேடுக்கு முன்னால் படையில் எல்லாரும் பிராசோ போட்டுத்தானே மினுக்குகிறார்கள்? அவர்களுக்குத் தெரியாததா?

---

களிம்பு எழுதியது:

அண்ணே, அவர்கள் மினுக்குவது பெல்ட் பக்கிளும் பட்டனும். தேய்ந்தால் ஸ்டோரில் வேறு கிடைக்கும். மெடலை பெரேடுக்குப் போடுகிறவர் பல பேர் நகல் செட்டைத்தான் மாட்டுவார், அசல் பெட்டியில் இருக்கும். தங்கச்சிக்கும் அதே வழி உண்டு: நகல் செட் சுவரில், அசல் அலமாரியில். நகலின் பின்னால் நகல் என்று எழுதி ஒட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் முப்பது வருஷம் கழித்து வீட்டிலேயே குழப்பம் வரும்.

---

காடாத்துணி எழுதியது:

ரிப்பன், பிரேம், காகிதம் மூன்றையும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

காகிதத்தை லேமினேட் செய்யவே கூடாது. சூட்டில் பசை உருகி நாருக்குள் இறங்கிவிடும், பிறகு பிரிக்க வழியே இல்லை. மடிப்பில் ஏற்கெனவே கீறல் இருந்தால் அது அப்படியே உறைந்து நிற்கும். 600 டிபிஐ-யில் இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்யுங்கள். அசலைப் பாலியஸ்டர் உறையில் தட்டையாக வையுங்கள். உறையைத் திறந்ததும் புது மழைக்கோட்டு வாசம் வந்தால் அது பிவிசி, வாங்க வேண்டாம். காகிதத்தை மட்டுமில்லாமல் பக்கத்தில் இருக்கும் மெடலையும் கெடுக்கும்.

ரிப்பனைத் துவைக்காதீர்கள். போர் மெடல் ரிப்பனில் சிவப்பும் வெள்ளையும் அடுத்தடுத்து வருகின்றன. ஈரம் பட்டால் சிவப்பு ஓடும். பூச்சி இருக்கிறது என்று தோன்றினால் மெடலைக் கழற்றிய பிறகு ரிப்பனை மட்டும் ஜிப் பையில் காற்றை வெளியேற்றி மூடி, ஃப்ரீஸரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது, ஒரு முழு நாள் அறைச் சூட்டுக்கு வரட்டும். புது ரிப்பன் மாட்டுவதானால் 32 மில்லிமீட்டர் அகலம், ஒவ்வொன்றும் 15 சென்டிமீட்டர். பழையதைத் தூக்கிப்போடாமல் அமிலமில்லாத உறையில், எந்த மெடலுடையது என்று பென்சிலில் எழுதி பிரேமின் முதுகில் வையுங்கள். என்னைக் கேட்டால் கிழிந்த பழைய ரிப்பனே அழகு. அடியில் அதே நிறத் துணி வைத்துத் தாங்கினால் போதும். இது அவரவர் விருப்பம்.

பிரேம் கடைக்காரரிடம் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் வெல்வெட்டும் ஹாட் குளூவும்தான் வரும். பின்பலகை எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) அல்லது பிளைவுட் வேண்டாம், அதிலிருந்து வரும் அமில ஆவி மூடிய பெட்டிக்குள் மெடலை அரிக்கும். கம்பளித் துணியில் கந்தகம் இருக்கிறது, வெள்ளியைக் கறுக்க வைக்கும். வெளுக்காத காடாத்துணியை வாசனைத் திரவம் போடாமல் இரண்டு முறை துவைத்து, அமிலமில்லாத அட்டைமேல் இழுத்துக் கட்டச் சொல்லுங்கள். அலுமினியச் சட்டம் நல்லது. மரச்சட்டம்தான் வேண்டும் என்றால் உள்ளோரத்தில் அலுமினிய டேப் ஒட்டணும். மெடலுக்கும் கண்ணாடிக்கும் நடுவே இடைவெளி இருக்க, உள்ஆழம் குறைந்தது 3 சென்டிமீட்டர். பின்னால் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் வைக்க இன்னும் 2. மெடலை ஒட்டாமல், ரிப்பனை வெள்ளைப் பருத்தி நூலால் அட்டையோடு நாலு தையல் போட்டு நிறுத்துங்கள்.

சிலிக்கா ஜெல் கணக்கு: ஒரு லிட்டர் கொள்ளளவுக்கு 20 கிராம். உள்ளளவு 40 x 30 x 5 சென்டிமீட்டர் என்றால் 6 லிட்டர், 120 கிராம். ஷூ பெட்டியில் வரும் ஒற்றைப் பொட்டலம் பினாங்கு ஈரத்துக்குக் காணாது. ஆரஞ்சு வகையை வாங்குங்கள். நிறம் மாறியதும் வெளியே எடுத்து 120 டிகிரி ஓவனில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் திரும்ப வேலை செய்யும். நீல வகையில் கோபால்ட் இருக்கிறது, ஓவனில் வைக்க வேண்டாம். சின்ன ஈரமானி ஒன்றை உள்ளே மூலையில் வையுங்கள், 45 சதவீதத்துக்குக் கீழே நிற்க வேண்டும். பின்பக்க விளிம்பை அலுமினிய டேப் போட்டு மூடினாலும் கசியும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

சாமி மேடை விஷயம். கற்பூரப் புகை, விளக்கெண்ணெய் ஆவி, சாம்பிராணி, பூவின் ஈரம், எல்லாம் ஒரே சுவரில். மெடலுக்கு வீட்டில் அதைவிட மோசமான இடம் சமையலறை ஒன்றுதான். அம்மாவிடம் தாத்தா படத்தை அங்கே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மெடல் ஹாலில், மழை அடிக்காத உள்சுவரில், பின்னால் கார்க் துண்டு நாலு ஒட்டி ஒரு சென்டிமீட்டர் காற்று விட்டு. பொட்டு வைத்தே ஆக வேண்டும் என்றால் சட்டத்தின் மேல், உலர்ந்த குங்குமம். ஈரச் சந்தனம் கண்ணாடி ஓரத்தில் இறங்கும்.

அடுக்கும் வரிசை, பார்ப்பவரின் இடமிருந்து வலம்: 1939–45 நட்சத்திரம், பர்மா நட்சத்திரம், போர் மெடல், இந்தியா சர்வீஸ், கடைசியாக மலாயா.

---

பிறைப்பேத்தி எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டார்ச் வேலை செய்தது! முதல் நாலிலும் ஒரே எண், என்.கே. என்று பதவி, பெயர், கடைசியில் ஐ.இ. மலாயா மெடலில் வேறு எண், பி.சி., கடைசியில் போலீஸ் என்று முடிகிறது. விளிம்பெழுத்து அண்ணன் சொன்னது சரிதான்.

இன்னொரு கேள்வி. இரும்புச் சட்டத்தில் ஆறாவது மெடலுக்கு இடம் இருக்கிற மாதிரி தெரிகிறது. மாமா, அது டிஃபென்ஸ் மெடல், ஆன்லைனில் ஒன்று வாங்கிச் சேர்த்துவிடலாம் என்கிறார்.

---

கூலிம்_காரன் எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் தாத்தாவின் அண்ணன் 1942-இல் இந்தியப் படையில் இறந்தவர். காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையத்தேடலில் முத்துசாமி என்று போட்டால் எதுவும் சரியாக வரவில்லை. எப்படித் தேடுவது?

---

விளிம்பெழுத்து எழுதியது:

கூலிம் அண்ணே, பெயரைக் குடும்பப்பெயர் கட்டத்தில் போடுங்கள். நம் ஆட்களுக்கு ஒற்றைப் பெயர்தான், அதை அவர்கள் அந்தக் கட்டத்தில்தான் ஏற்றியிருப்பார்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலில் முத்துசாமிக்கு மட்டும் நாலைந்து வடிவம் பாருங்கள்: ஹெச் இருந்தும் இல்லாமலும், சாமியும் சுவாமியும், கடைசியில் ஒய் அல்லது ஐ. எண் தெரிந்தால் எண்ணாலேயே தேடுங்கள், அதுதான் சுருக்குவழி. தெரியாவிட்டால் போர், படை, ஆண்டு மூன்றையும் வடிகட்டிவிட்டு, கூடுதல் தகவல் வரியில் தகப்பன் பெயரையும் ஊரையும் பாருங்கள். பல பதிவுகளில் இன்னார் மகன், இன்ன ஊர், இன்ன ஜில்லா என்று இருக்கும்.

கிடைத்ததும் இடத்தைக் கவனியுங்கள். சிங்கப்பூர் நினைவகம் என்று வந்தால் அது சிங்கப்பூரில் கிராஞ்சியில் இருக்கும் நினைவுச்சின்னம், அவருக்குத் தனிக் கல்லறை இல்லை. 24,000-க்கு மேற்பட்ட பெயர்களில் ஒன்றாகத் தூணில் பொறித்திருக்கும். பக்கத்தில் தரும் தூண் எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள், இல்லையென்றால் வெயிலில் அரை நாள் போய்விடும். இந்துக்களைத் தகனம் செய்திருந்தால் அதே வளாகத்தில் இருக்கும் தகன நினைவுச்சின்னத்தில் பெயர் வரலாம். தைப்பிங் என்று வந்தால் பிளாட், வரிசை, கல் எண் மூன்றும் தருவார்கள். அங்கே சாலை நடுவில் போகிறது, கிறிஸ்தவர் ஒரு பக்கம், மற்ற மதத்தார் மறுபக்கம். 850-க்கு மேற்பட்ட கல்லறைகளில் பாதிக்கு மேல் பெயர் தெரியாதவை. கல்லைத் தண்ணீர் ஊற்றித் தேய்க்க வேண்டாம், மஞ்சள் குங்குமமும் வேண்டாம், கல்லை ஆணையமே பராமரிக்கிறது. உதிரிப்பூவைக் காலடியில் வைத்தால் போதும்.

தங்கச்சி, உங்களுக்கு. என்.கே. என்றால் நாயக், கார்ப்பரலுக்குச் சமம். ஐ.இ. இந்திய எஞ்சினியர்ஸ். தமிழர் என்றால் பெரும்பாலும் மெட்ராஸ் சேப்பர்ஸ் என்ற படைப்பொறியாளர் பிரிவு. அதன் மையம் இன்றும் பெங்களூரில்தான் இருக்கிறது. அதன் ஆவணப் பிரிவுக்குத் தபாலில் எழுதுங்கள்: விளிம்பில் உள்ள எண், பதவி, பெயர் அதே எழுத்துக்கூட்டலில், தகப்பன் பெயர், டிஸ்சார்ஜ் காகிதத்தில் இருக்கும் கிராமம், தாலுகா, காகிதத்தின் நகல், உங்கள் உறவை நிரூபிக்கும் பிறப்புச் சான்றுகள். தாத்தா பெயரை இன்றைய ஐசி (அடையாள அட்டை) எழுத்துக்கூட்டலுக்கு மாற்றி எழுதினால் தேடுபவருக்குக் கிடைக்காது.

மலாயா மெடலில் பி.சி. என்பது போலீஸ் கான்ஸ்டபிள். அதனால் முன்னாள் ராணுவத்தினர் இலாகாவுக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டாம், அது அங்காத்தான் தெந்தெரா மலேசியாவில், அதாவது மலேசிய ஆயுதப் படையில், இருந்தவர்களுக்கு மட்டும். பலர் இங்கேதான் ஆறு மாதத்தை வீணாக்குகிறார்கள். நீங்கள் கேட்க வேண்டியது போலீஸ் தரப்பில், இரண்டாவது எண்ணை வைத்து.

ஆறாவது இடத்துக்கு வருவோம். முதலில் சட்டத்தை அளந்து பாருங்கள். ரிப்பன் 32 மில்லிமீட்டர். ஐந்து பக்கம் பக்கமாக என்றால் 160, ஆறு என்றால் 192. உங்கள் சட்டம் 192-ஐ ஒட்டி வந்தால்தான் பேச்சே. வந்தாலும் அது டிஃபென்ஸ் மெடலாக இருக்க முடியாது. அதற்குத் தகுதி பெற்றவருக்கு இந்தியா சர்வீஸ் மெடல் கொடுக்கவில்லை, இரண்டும் ஒரே ஆளிடம் சேராது. பசிபிக் நட்சத்திரமும் அப்படித்தான்: பர்மா இருந்தால் அது தனி நட்சத்திரமாக வராது, அதே ரிப்பனில் ஒரு பட்டையாகத்தான் வரும். மாமா வாங்கிச் சேர்த்தால் விவரம் தெரிந்தவர் பார்த்ததும் மற்ற ஐந்தையும் சந்தேகப்படுவார்.

காலியாக இருக்கும் அந்த இடத்தில் துருவுக்குள் நூலோ ரிப்பன் நாரோ ஒட்டியிருக்கிறதா என்று லென்ஸில் பாருங்கள். இருந்தால் எடுக்காமல் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து இங்கே போடுங்கள். நிறம் தெரிந்தால் எந்த மெடல் என்று சொல்லிவிடலாம்.